417-ஆம் நம்பர் மேலே வரவில்லை

கோரமண்டல்,
14-6-1973

மைத்துனன் சௌந்தரராஜனுக்கு, உன் அக்கா கணவன் ஜம்புலிங்கம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே உன் அக்கா பத்மா நலம். நான் நலமில்லை. உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், இப்போது அவசரம்.

ஷிப்டில் எத்தனை பேர் தங்கச் சுரங்கத்தில் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டுமாம். அதற்கு சூப்பிரண்டு என்னிடம் புரோகிராம் கேட்டது உனக்குத் தெரியும். பயிற்சிக்குப் பெங்களூர் போனது பக்கத்து மேஜை ஏகநாதன். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு அவன் படித்துத் தூக்கிப்போட்ட பழைய ஃபோர்ட்ரான் புத்தகம். நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரிலும், புரோகிராமைப் படிக்கும் புது கம்பைலர் பெரிய இடத்து ஆட்களுக்குத்தான், நான் துளைபோட்டு அனுப்பும் அட்டைகளுக்குப் பத்து வருஷத்துப் பழசு. என்ன தப்பு என்று அது சொல்லாது. 'எரர் 32' என்று துப்பும். அந்தப் பக்கம் என் புத்தகத்தில் இல்லை.

முதல் அட்டைக் கட்டு பங்காருப்பேட்டையில் ரயில் மாறும்போது சிதறி வரிசை குலைந்தது. இரண்டாவது கட்டில் ஓர் அட்டையை உன் அக்கா ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக்கினாள். மூன்றாவது ஓடியது. இறங்கியவர் 312, ஏறியவர் 311, வராத ஆள் டோக்கன் 417! ஏகநாதன் அதை ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினான். அந்த 417, ராஜப்பா. மறுநாளே ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், நான் இன்னும் கீழயே கீறேன்னு உங்க மிஷின் சொல்லிச்சாமே? என் மாமியாரு மாலை வாங்கிக்கினு வந்துட்டாங்க! ஏற்கெனவே டோக்கனக் காணோம்னு ஒரு வாரமா பதிலுக்குத் தகரத்தக் குடுத்து இறக்கறாங்க. இப்ப ஆளையும் காணோமா?"

சூப்பிரண்டு சிரிக்கவில்லை. "திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நீங்களே கீழே போய் ஆள் எண்ணுங்கள்" என்கிறார். சும்மா சொல்லவில்லை, சுரங்கத்தின் அடி லெவலில் டைம்கீப்பர் வேலை காலியாக இருக்கிறது. தம்பி, என் அப்பா இருபத்தாறு வருஷம் கேஜில், அந்த இரும்புக் கூண்டில் இறங்கினார். நான் படித்ததே இறங்காமல் இருக்கத்தான். கேஜ் மணி கேட்டாலே எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

இன்று காலை பார்சலில் அனுப்பிய கட்டில் பிழை எங்கே என்று பார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏறியவர் கணக்கில் ஒன்றைக் கூட்டச் சொல்லி 63-ஆவது அட்டையைச் சேர்த்திருக்கிறேன். இரண்டும் சமமானால் வராத ஆள் நம்பர் அச்சாகாது. அப்படியே ஓட்டி அனுப்பிவிடு.

மாலாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீ நலமா?

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் புத்தகத்தைத் திறந்தேன். பக்க அடையாளத்துக்கு நான் வைத்திருந்தது ஒரு பித்தளை டோக்கன். 417. ஏறியவர்கள் மாட்டிவிட்டுப் போன டோக்கன்களைப் பார்த்து அட்டை போட்ட அன்று, பலகையிலிருந்து நானேதான் கழற்றியிருக்கிறேன், அதற்கு மட்டும் அட்டை போடவில்லை. மிஷின் சொன்னது சரி. 63-ஐ உருவிக் கிழித்துப் போடு தம்பி, உடனே. அது இருந்தால், நிஜமாகவே ஒருவன் கீழே மாட்டிக்கொண்ட அன்றைக்கும் எல்லாரும் ஏறிவிட்டதாகத்தான் கணக்கு வரும். டோக்கனை நாளை நானே போய் மாட்டுகிறேன், பலகை கேஜ் வாசலில்தான் இருக்கிறது. ஏகநாதனுக்குத் தெரிய வேண்டாம். ராஜப்பாவுக்காக இந்த உறையில் ஒரு வெற்று அட்டை வைத்திருக்கிறேன். 417 என்று நீயே துளைபோட்டு, அவனை மேலே ஏற்றிவிடு.