குண்டூசிக்கு ஏசி தேவையில்லை

"வெள்ளை மெஷின் வாங்கினீங்கன்னா நான் வேலையை விட்டுப் போயிடுவேன்" என்றார் கணக்கம்மா.

"கறுப்பு வாங்கினா நான் போயிடுவேன்" என்றான் போஸ்டர் தம்பி.

இரண்டையும் வாங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒரே நாளில் ஒழியுமே என்று குண்டூசி சாருக்குத் தோன்றியது. ஆனால் மேலாளர் பதவிக்குப் போகப்போகிற மனிதர் அப்படியெல்லாம் பேசக்கூடாது.

பதவியைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பார்சல் கம்பெனியில் பழைய மேலாளர் ஓய்வு பெற்றதிலிருந்து கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. அதில் ஒரு கதவு இருந்தது, ஒரு ஏசி இருந்தது, உள்ளே போய் உட்கார ஆள்தான் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "ஆபீசுக்கு நல்லதா ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். ரெண்டு கம்பெனிக்காரனும் வந்து உயிரை எடுக்கிறான். விலை என்ன, வேகம் என்னன்னு பாத்து நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார். சாயந்திரம் இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்ப மேனேஜர்னு எல்லாருக்கும் சொல்லிடலாமா?"

அவர் யோசிப்பதற்குள் அவள் அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு சித்திகளுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். இனி மேலாளர் ஆகாவிட்டால் உறவினர் வீட்டு வாசலில் தலை காட்ட முடியாது.

அவருடைய வேலை சுவரில் இருந்தது. ஊர் வரைபடம் ஒன்று சுவர் முழுக்க ஒட்டியிருக்கும். நாளைக்கு எந்த வேன் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று வண்ண வண்ணக் குண்டூசிகளைக் குத்தி, நூல் கட்டிக் காட்டுவார். எந்தத் தெரு ஒருவழிப் பாதை, எந்த வீட்டில் மணி அடித்தால் நாய் மட்டும் வரும், எந்தக் கடைக்காரர் காலையில் பார்சல் வந்தால் கடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபது வருஷம் இதையே செய்ததில் அப்பா அம்மா வைத்த பெயரை ஆபீஸ் மறந்து போய், 'குண்டூசி சார்' நிலைத்துவிட்டது.

பரீட்சித்துப் பார்க்க இரண்டு கம்பெனியும் ஆளுக்கொரு மெஷினை இரவல் தந்தன. வெள்ளை மெஷின் ஒல்லியாக, அழகாக, தொட்டால் அழுக்காகிவிடுமோ என்று பயப்படும்படி இருந்தது. விலையைக் கேட்டதும் குண்டூசி தொட்ட கையை எடுத்துக்கொண்டார். கறுப்பு மெஷின் அதில் பாதி விலை. பெட்டிக்குள் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. போட்டதும் பழைய மேசை விசிறி மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது.

"பாதி விலை சார். இதுக்கு மேல என்ன யோசனை?" என்றார் கணக்கம்மா.

"பாதி விலைக்குப் பாதி வேலைதான் செய்யும்" என்றான் போஸ்டர் தம்பி. கம்பெனி விளம்பரங்களை வரைகிறவன் என்பதால் அழகான எதையும் அவன் சந்தேகப்பட்டதில்லை.

முதல் நாளே வெள்ளை மெஷின் ஆபீஸ் பிரிண்டரோடு பேச மாட்டேன் என்றது. இரண்டையும் இணைக்க ஒரு சின்ன வயர் வேண்டுமாம், அது தனி விலையாம். வாங்கினார்கள். அந்த வயரின் மறுமுனை பிரிண்டரில் நுழையவில்லை, அதற்கு இன்னொரு வயர். இரண்டாவது வயரை மாட்டியதும் பிரிண்டர் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மெஷினில் மவுஸ் சொருக இடம் இல்லாமல் போயிற்று.

"மவுஸ் இல்லாம விரலால தடவிக்கலாம் சார். அதான் ஸ்டைல்" என்றான் தம்பி.

கணக்கம்மா சிரித்த சிரிப்பு வேன் நிறுத்தும் இடம்வரை கேட்டது. அவர் சிரித்து முடிப்பதற்குள் கறுப்பு மெஷின் 'புதுப்பிக்கிறேன், அணைத்துவிடாதீர்கள்' என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மதியச் சாப்பாடு முடிந்து வந்தும் திறக்கவில்லை.

நினைவகம் போதாது, கொஞ்சம் கூட்டினால் பறக்கும் என்றார் அந்தக் கம்பெனிக்காரர். கூட்டினார்கள். பறந்தது, கூடவே கொதித்தது. சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறி வந்தது. பெரிய விசிறிக்குப் பெரிய பெட்டி வந்தது. பெரிய பெட்டி மேசைக்கடியில் போகாததால் மேசையின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அதன் பிறகு கணக்கம்மா நின்றபடியே தட்டச்சு செய்தார், ஆனால் கட்சி மாறவில்லை. வைரஸ் தடுப்புக்கான வருஷக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பாதி விலைக் கறுப்பு முழு விலை வெள்ளையை எட்டிப் பிடித்திருந்தது.

"விலை சமம். இனி வேகத்தை வெச்சு முடிவு பண்ணிடலாம்" என்றார் குண்டூசி. அவருக்கே தன் நிதானம் பிடித்திருந்தது. கண்ணாடி அறைக்காரர் பேசுவதுபோல் இருந்தது.

ஆனால் எந்த வேலையைக் கொடுத்து வேகத்தைப் பார்ப்பது? சம்பளக் கணக்கைக் கொடுங்கள் என்றார் கணக்கம்மா. அது கறுப்புக்குச் சாதகம் என்று தம்பி குதித்தான். போஸ்டர் வரையச் சொல்லுங்கள் என்றான் தம்பி. அது வெள்ளைக்குச் சாதகம் என்று கணக்கம்மா செங்கல் மேசையைக் குத்தினார். மேசை ஆடியது.

நடுநிலை என்ற வியாதி நல்ல மனிதர்களைத்தான் பிடிக்கும். "ரெண்டு பேரோட வேலையும் வேணாம். என் வேலையைக் குடுப்போம். நாளைக்கு எந்த வேன் எங்க போகணும்னு இதுங்க சொல்லட்டும்" என்றார் குண்டூசி. தலைகீழாக நின்றாலும் தன் வேலையை ஒரு பெட்டியால் செய்ய முடியாது என்று அவருக்கு உள்ளூர ஒரு கர்வம். போட்டி கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து இரண்டு மெஷினுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒருவழிப் பாதை, நாய், கடிக்கும் கடைக்காரர் எதையும் விடவில்லை. தன் பிள்ளைகளுக்கு ஒருநாள்கூட இவ்வளவு பொறுமையாகப் பாடம் சொல்லித் தந்ததில்லை.

பரீட்சை நாளன்று முதலாளியும் வந்து நின்றார். பொத்தானை அழுத்திவிட்டுக் குண்டூசி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். அது ஆறுவதற்குள் வெள்ளை முடித்துவிட்டது. அவர் ஒரு வாய் குடிப்பதற்குள் கறுப்பும் முடித்துவிட்டது. இரண்டும் சொன்ன வழி அச்சு அசல் அவர் வழி. தன் பிள்ளைகள் இருவரும் முதல் மதிப்பெண் வாங்கியது போல அவருக்குக் கண் கலங்கியது.

"அட! இதுக்கு நீங்க தினமும் எவ்வளவு நேரம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"சாயந்திரம் பூரா ஆகும் சார்" என்றார் குண்டூசி பெருமையாக.

முதலாளி மெஷினைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு குண்டூசியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கண்ணாடி அறைக்குள் தச்சர் அளவு நாடாவோடு குனிந்து நின்றார்.

"என்னங்க இது?"

"மேசை சார். வயர் போக ஓட்டை வெச்சு, பெருசா. மெஷின் இங்கதான் வரப்போகுதாம்."

"நாற்காலி?"

"அதுவும்தான். சுத்துற நாற்காலி." தச்சர் அவரை உச்சி முதல் பாதம்வரை ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "மேல எதுவும் கேக்காதீங்க சார். சொல்லக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

குண்டூசி கணக்குப் போட்டுப் பார்த்தார். மெஷினுக்குக் கண்ணாடி அறை. அதைத் தட்ட ஒரு புது ஆள், அந்த ஆளுக்குச் சுழல் நாற்காலி. தச்சர் பார்த்த பார்வை வேலை போகப்போகிறவனை எல்லோரும் பார்க்கும் பார்வைதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்று இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார்.

"அது பாட்டுக்கு சும்மா இருந்த மெஷினுக்கு நீங்க ஏங்க பாடம் எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"நடுநிலையா இருக்கணும்னு..."

"நடுத்தெருவுல நிக்கப்போறோம், நடுநிலையாம்!" அவள் பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இன்னும் முடிவு எழுதித் தரலைல்ல? மெஷின் எவ்வளவு செலவு வைக்கும், நீங்க எவ்வளவு மலிவுன்னு எழுதுங்க. நான் சொல்றேன். உங்க மலிவு எனக்குத் தெரியாதா?"

எழுதினார். வெள்ளைக்கு ஒரு பத்தி, கறுப்புக்கு ஒரு பத்தி, 'தற்போதைய ஏற்பாடு' என்ற பெயரில் தனக்கு ஒரு பத்தி. மெஷின்களின் பத்தியில் வயர், வயருக்கு வயர், விசிறி, செங்கல், மின்சாரம் எதுவும் விட்டுப்போகவில்லை. தற்போதைய ஏற்பாட்டுக்கு மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏசி தேவையில்லை. நின்றுகொண்டே ஓடும், நாற்காலி வேண்டாம். இடையில் 'புதுப்பிக்கிறேன்' என்று கண்ணை மூடாது.

"சம்பள உயர்வு கேட்டதில்லைன்னும் போடுங்க."

"அது எதுக்கு?"

"போடுங்கன்னா. உண்மைதானே?"

அதையும் போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். பயம் பிடித்த மனிதனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. அறிக்கையைக் கொடுத்த கையோடு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இரண்டு மெஷினிலும் இருந்த ஒருவழிப் பாதைகளையெல்லாம் அழித்துவிட்டார். அடுத்த முறை பரீட்சித்தால் இரண்டும் உளறட்டும் என்பது திட்டம்.

பரீட்சை எதுவும் நடக்கவில்லை. கறுப்பின் பெருமையை நிலைநாட்டியே தீருவது என்று கணக்கம்மா, அது புதிதாகச் சொன்ன வழியை அச்செடுத்து மறுநாள் விடியற்காலையில் ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டார். குண்டூசி ஆபீசுக்குள் நுழைந்தபோது எல்லாத் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி வேன்களில் பாதி, சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரே சந்தில் எதிரும் புதிருமாக முட்டி நின்றன. ஒரு வேன் பின்னால் வந்து பழக்கடையில் ஏறியிருந்தது.

செய்தது தான்தானே என்று குண்டூசி ஓடினார். வரைபடத்தின் முன் போய் நின்று, இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டார். "மூணாம் வண்டி முன்னால வா. பழக்கடைக்காரர் நல்ல மனுஷன், என் பேரைச் சொல்லு. ஏழாம் வண்டி, இடதுபக்கம் தச்சுப்பட்டறைக் கதவைத் திறக்கச் சொல்லு, அது வழியா அடுத்த தெருவுக்குப் போயிடலாம்." மதியத்துக்குள் எல்லா வேனும் நேராகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் முதலாளி வாயைப் பிளந்தபடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அந்த அறிக்கை இருந்தது.

"உள்ள வாங்க" என்றார்.

குண்டூசி போனார்.

"ரெண்டு மெஷினையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். உங்க அறிக்கையை ஒரு வரி விடாம படிச்சேன். இன்னைக்கு நேர்லயும் பாத்துட்டேன். விலையிலும் சரி, வேகத்திலும் சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க. அந்தச் சுவர்கிட்டேர்ந்து உங்களை எடுத்தா இந்தக் கம்பெனி ஒரு நாள்கூட ஓடாது." எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "புதுசா ஒரு டப்பா குண்டூசி வாங்கிக்குங்க. நல்ல கம்பெனியா பாத்து."

குண்டூசிக்குக் கால் தரையில் படவில்லை. வேலை பிழைத்தது, அதுவும் மரியாதையோடு. கணக்கம்மாவும் தம்பியும் முதல்முறையாக ஒரே பக்கத்தில் சேர்ந்து, அவரை முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வேலை போகலைங்களா? நிஜமாவா?" என்று அழுதேவிட்டாள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு போட்டியில் ஜெயித்திருக்கிறார்.

கண்ணாடி அறையிலிருந்து தச்சர் புது மேசையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். வெற்றி பெற்றவர்களுக்கே உரிய கருணையோடு குண்டூசி அவரை நெருங்கினார்.

"பாவம், வேலை வீணாப்போச்சா? மெஷின் வரலைன்னா மேசை எதுக்கு, இல்லையா?"

"மேசையை எங்கயாவது வித்துடுவேன் சார். இதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, வேற யாருக்கும் ஆகாது" என்று தச்சர், செய்தித்தாளில் சுற்றிய நீளமான பலகை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். "உங்க பேரைப் போட்டு, கீழ 'மேலாளர்'னு செதுக்கினது. குண்டூசி குத்துற வேலையை மெஷின் பாத்துக்கட்டும், இவரு உள்ள வந்து உக்காரட்டும்னு முதலாளி ஆசையா சொல்லியிருந்தாரு. இப்பதான் கூப்பிட்டு, 'வேணாம்ப்பா, அந்த வேலைக்கு இவரைவிட மலிவா ஒண்ணும் கிடைக்கல, அவரு அங்கயே நிக்கட்டும்'னுட்டாரு."