கூரைக்குக் கீழே ஒரு ‘பாத்துப்பா’

கூரைகள் உள்ள ஊரிலெல்லாம் காணப்படும் ஓர் இனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஒருவன் வேலை செய்ய, கீழே நின்றுகொண்டு “பாத்துப்பா” என்று சொல்பவர்கள் அந்த இனம். ஏணி சாய்ந்திருக்கும் இடத்திலெல்லாம் இவர்களில் ஒருவர் இருப்பார்; ஏணியில் மட்டும் இருக்கமாட்டார்.

அண்ணாந்த முகம், இடுப்பில் ஊன்றிய கை. இவைதான் அடையாளம். விழாமல் தாங்கும் கயிறும் இடுப்புப் பட்டையும் இவர் வாங்கமாட்டார். ஏறுகிறவன் தானே கொண்டுவந்திருந்தாலும், “ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவு ஜோடனையா?” என்று கேட்டு, அவன் வெட்கப்பட்டு அதை வண்டியிலேயே போட்டுவிட்டு வரும்படி செய்துவிடுவார். ஆனால் ‘பாத்து’ என்ற சொல்லை மட்டும் வாரி வழங்குவார். செலவில்லாத பாதுகாப்புக் கருவி வேறு என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒருவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். லாரியில் சரக்கு ஏற்றும் முற்றத்துக்கு மேலே சிமெண்டுத் தகட்டுக் கூரை. வெளிச்சத்துக்காக நடுநடுவே பிளாஸ்டிக் தகடுகள். கீழிருந்து பார்த்தால் அவை பளிச்சென்று தெரியும். மேலிருந்து பார்த்தால், மரத்தூளும் புழுதியும் படிந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கூரை ஒழுகவே, கூரை வேலை தெரிந்த மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

“அத்தான், நாலு பலகை குடுங்க. விரிச்சுப் போட்டு அதுமேல நடக்குறேன்.”

“அதெல்லாம் மேஜைக்கு இழைச்சு வெச்சது மச்சான். கீறல் விழுந்தா என்ன பண்றது?”

“நான் விழுந்தா?”

“நீ ஏன்டா விழப்போறே? பாத்துப் போ.”

கவனியுங்கள். பலகை மலையாக அடுக்கியிருக்கும் பட்டறையில், பலகை இல்லாமல் ஒருவன் கூரைமேல் ஏறினான். அவன் கொண்டுவந்திருந்த இடுப்புப் பட்டை வண்டியில் பத்திரமாக இருந்தது.

நம்மவர் சும்மா நிற்பாரா? கூரைக்கு நேர் கீழே வந்து நின்று, மச்சானின் காலடிச் சத்தத்தோடு கூடவே நடந்து வழிகாட்டத் தொடங்கினார்.

“இதுல கால வெக்காதே!”

“எதுல?”

“இதுலதான்! விரல நீட்டிக் காட்டுறேன்ல!”

“உங்க விரல் எனக்கு எப்படித் தெரியும் அத்தான்? நடுவுல கூரை இருக்கு!”

“சரி, வலது பக்கமா போ. உன் வலது இல்லடா, என் வலது!”

அவருடைய முகம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? படார் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் தகடு பிளந்து, தொடை வரை ஒரு கால் உள்ளே வந்து தொங்கியது. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை மச்சான் கட்டிப் பிடித்துக்கொண்டான். கீழே சிமெண்டுத் தரை.

நம்மவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“நான்தான் அப்பவே சொன்னேனே!”

அதற்காகத்தான் சொன்னார். ‘பாத்து’ என்பது எச்சரிக்கை அல்ல. விழுந்த பிறகு எடுத்துக் காட்டுவதற்காக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் ரசீது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். அடுக்கிலிருந்து இழைத்த பலகை ஒன்றை உருவினாள்.

“ஐயோ, அது தேக்கு…”

“அவன் என் தம்பி.”

பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். அப்போது நம்மவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?

“பாத்துடி!”

அவள் கூரைமேல் தள்ளிவிட்ட பலகையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து, தொடையில் ரத்தம் வழிய மச்சான் இறங்கி வந்தான். அக்கா அவன் காலைத் துடைத்துக் கட்டியபடியே புருஷனைப் பார்த்தாள்.

“மீதி ஓட்டைய நீங்க ஏறி அடைங்க.”

“நானா? உயரம்னா எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாதா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டு மாடித் தொட்டியைக் கழுவ ஒருவர் ஏறினாரே, அப்போது நீங்களும் ஏணியடியில்தான் நின்றீர்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்பீர்கள். நம்புகிறேன். ஒரு கையால் பிடித்திருப்பீர்கள். இன்னொரு கையில் இருந்த போனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?