அன்னத்தின் வயிற்றில் குங்குமம்

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு புல்லட் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆகாவிட்டால் தன் பெயர் குமரகுரு இல்லை என்று குமரகுரு முடிவெடுத்தார். முடிவெடுக்கும்போது வீட்டுக் கொல்லையில் குந்திக்கொண்டு, விபூதி போட்டு ஒரு வெள்ளி அன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புல்லட் ஆசை மட்டும் மீசை முளைத்த நாளில் வந்தது, இன்னும் போகவில்லை.

அன்னம் உள்ளங்கையில் அடங்கும். உடம்பு வெள்ளி, சிறகுக்குத் தங்க முலாம், கண்ணுக்குச் சிவப்புக் கல். முதுகைத் திறந்தால் உள்ளே சிமிழ். உலகப் போர்க் காலத்தில், ஜப்பான்காரன் மெட்ராசில் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை கட்டியபோது, வீராசாமி பத்தர் என்ற நகை ஆசாரி காஞ்சிபுரத்துக்கு ஓடிவந்தார். பிள்ளையார்பாளையத்தில் குமரகுருவின் தாத்தா தேவேந்திரன் வீட்டில் தங்கினார். பயம் தெளிந்து ஊருக்குத் திரும்புமுன் இந்த அன்னத்தைச் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

"எங்க தாத்தாவோட பெரிய மனசுக்குக் கெடைச்ச பரிசு" என்று குமரகுரு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அன்று முதல் அது பீரோவில் துணி சுற்றிக் கிடந்ததே தவிர, அதில் யாரும் ஒரு சிட்டிகை எதையும் போட்டு வைத்ததில்லை.

பழைய சாமான் கடை கலியாணசுந்தரம் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அன்னத்தைக் கொடு, என் புல்லட்டை எடுத்துக்கொள் என்று அவன் சொன்னதும் குமரகுரு உச்சி குளிர்ந்துபோனார். ஞாயிறு காலை வண்டியோடு வருவதாகப் பேச்சு. மனைவி சங்கரியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. வண்டி வாசலில் வந்து நின்றபிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அதில்தான் ஒரு சங்கடம். குமரகுருவுக்குத் தொழில் பட்டு நெசவு. கரையையும் உடலையும் தனித்தனி நூலில் ஓட்டிக் கோக்கிற கோர்வைப் புடவை ஒற்றை ஆள் நெய்கிற சமாசாரம் இல்லை. குமரகுரு தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்து உடலை நெய்தால், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது சங்கரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் காலைப் பார்த்தே அவர் மனசைப் படித்துவிடுகிறவள்.

"மிதி மாறுது."

"இல்லியே."

"மாறுதுங்க. கரை பல்லை இளிக்குது பாருங்க. மனசுல இன்னாத்த வச்சிக்கினு மிதிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லடி. கால் மரத்துப்போச்சு."

"போன தடவை கால் மரத்துப்போனப்போதான் என் வளையல் உங்க தம்பி வீட்டுக்குப் போச்சு. காத்தால அன்னத்தைத் தேய்ச்சிக்கினு இருந்தீங்களே, இன்னாத்துக்கு?"

"சும்மா. கறுத்துப்போயிருந்துச்சு."

"கலியாணம் அண்ணன் ஏன் ஃபோன் மேல ஃபோன் போடுறாரு?"

"சும்மாதான்."

"ரெண்டு சும்மா" என்றாள் சங்கரி. நாடாவைத் தள்ளினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதில் குமரகுரு மிதியை இன்னொரு தடவை மாற்றி மிதித்தார்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் அன்னம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் வயிறு முட்டக் குங்குமம்.

"இன்னாடி இது?"

"குங்குமம்."

"அது தெரியுது. இதுல ஏன் போட்ட?"

"சிமிழ்னு இருந்தா குங்குமம் இருக்கணும்ல? கோயிலுக்குப் போயி உங்க ஆயுசுக்கு வேண்டிக்கினு வாங்கியாந்து ரொப்பியிருக்கேன்."

"வேற டப்பா இல்லியா?"

"உங்க ஆயுசைப் பிளாஸ்டிக் டப்பாவுலயா வைக்கிறது?"

"சரி, பூஜை முடிஞ்சதும் கொட்டிடு."

சங்கரி படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புருஷனுக்கு வேண்டிக்கினு வச்ச குங்குமத்தை எவளாவது கொட்டுவாளா? எனக்குக் கை வராதுப்பா. வேணும்னா நீங்களே கொட்டிக்குங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குமரகுரு அன்னத்தை எடுத்தார். கவிழ்க்கப் பார்த்தார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷன். தன் ஆயுசைத் தன் கையாலேயே கொட்டுவதற்கு யாருக்குத்தான் துணிச்சல் வரும்? பத்திரமாகத் திருப்பி வைத்தார். வைத்த பிறகு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. கொட்டினால்தானே பாவம்? கொடுத்தால் புண்ணியமாயிற்றே! அன்னத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். தெருவில் பொட்டு வைக்கிற பெண்கள் ஒருத்தரையும் விடவில்லை.

"எடுத்துக்க எல்லம்மா. நெறைய எடு."

பக்கத்து வீட்டு எல்லம்மாள் விழித்தாள். "ஒரு பொட்டுக்கு எவ்ளோண்ணே எடுக்கிறது?"

"நெத்திக்கு வையி, தாலிக்கு வையி, மருமவளுக்கு மடிச்சிக்கினு போ. கஞ்சத்தனம் பண்ணாத."

சாயங்காலம் அன்னத்தின் அடிவயிறு பளிச்சென்று தெரிந்தது. குமரகுரு அன்றைக்குக் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் எல்லம்மாள் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, நீ குடுத்த கை நல்ல கை. எம் மருமவ முழுகாம இருக்கான்னு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சிச்சு. இந்தா, கோயில் குங்குமம். வாங்கின வீட்டுக்குத் திருப்பித் தராம இருக்கலாமா?"

"வேணாம்மா, நீயே வச்சிக்க."

"அய்ய, குங்குமத்தை வேணாம்னு சொல்லாதண்ணே!"

எல்லம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? மதியத்துக்குள் தெருவே பொட்டலத்தோடு வந்தது. குமரகுருவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதில் எல்லாருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். அன்னம் நிரம்பி வழிந்தது. சங்கரி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை தெருக்கோடியில் புல்லட் சத்தம் கேட்டது. குமரகுரு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். வண்டியில் வந்தது கலியாணசுந்தரம் மட்டும் இல்லை. பின்னால் அவன் பெண்சாதி துளசி இருந்தாள்.

"இது எதுக்கு வந்துச்சு?" என்று காதைக் கடித்தார்.

"உன் வீட்ல ஃபோன் பண்ணி வெத்தலபாக்கு வாங்கிக்க வரச் சொன்னாங்களாமே!"

உள்ளே சங்கரி துளசிக்கு அன்னத்திலிருந்து குங்குமம் கொடுத்தாள். "இது யாருக்கு வந்தது தெரியுமா துளசி?"

"எங்க தாத்தா..." என்று ஆரம்பித்தார் குமரகுரு.

"உங்க தாத்தா எடமில்லன்னு கதவைச் சாத்தினவரு" என்றாள் சங்கரி. "பத்தர் பொண்டாட்டிக்கு நெறமாசம். உங்க பாட்டி காமாட்சியம்மாதான் புருஷனை எதுத்துக்கினு உள்ள கூட்டிப் போயி பிரசவம் பாத்தாங்க. யுத்த காலத்துல பொன்னு ஏது? அந்தப் பொண்ணு மூக்குத்தியைக் கழட்டிக் குடுத்துச்சு. அதை உருக்கிப் பூசினதுதான் இந்தச் சிறகு. பொம்பளைக்குப் பொம்பளை குடுத்தது. உங்கம்மா எங்கிட்ட சொன்னாங்க. உங்க பெருமை கெட வேணாம்னு நான் வாயைத் தொறக்கல."

குமரகுருவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொல்லையில் அத்தனை நேரம் தேய்த்தது யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மூக்குத்தியை.

துளசி கணவனிடம் திரும்பினாள். "இதையா கவுத்துக் கொட்டிட்டு எடுத்துக்கினு போவ வந்த?"

"ஐயோ, எனக்கு எதுவும் தெரியாது தாயி. குமரு, பேச்சு கேன்சல்!"

குமரகுரு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சங்கரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டி வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். "அப்புறம் ரெண்டு பேருமா ஏதாவது வழி பாத்திருப்போம். சரி, இப்போ ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க. அண்ணன் வேணாம்னா சொல்லப் போறாரு?"

கலியாணசுந்தரம் சாவியை நீட்டினான். குமரகுரு வாங்கவில்லை. வண்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

துளசி சாவியை வாங்கிக்கொண்டாள். "இதுக்கா அண்ணே இந்த மூஞ்சி? நான் கத்துத் தர்றேன். இவருக்கே நான்தான் கத்துக் குடுத்தேன்."

குமரகுரு முகம் மலர்ந்து எழுந்தார். அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சங்கரி துளசிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல நான் கத்துக்கினு வந்து உங்களுக்குச் சொல்லித் தர்றேங்க. குக்கர்ல பருப்பு வச்சிருக்கேன், விசில் வந்தா அடுப்பை அணைச்சிடுங்க!"