நான் கேட்டது ஆண்டி

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தையும் சந்தேகப்பட்டே வளர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாயை மோந்து பார்ப்பேன், பையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. (இரண்டாவது மகன் பீடி குடித்த சங்கதி அவன் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை விடுங்கள்.)

அதனால்தான் போன வருஷம் என் பேத்தி யாழினி செல்போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்ததும் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

நான் இருப்பது திருப்போரூரில், கடைசி மகன் வீட்டில். அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேன் ஓட்டுகிறான். மருமகள் அமுதாவுக்கு மெடிக்கல் கடையில் வேலை. யாழினி அவர்களுடைய ஒரே மகள், வயது பதின்மூன்று. பகலில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். யாழினி அதில் வீட்டுப்பாடம் பார்ப்பாள், நான் சாமி பாட்டு கேட்பேன்.

அப்போதுதான் செங்கல்பட்டில் எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். உலகம் விளக்கி வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. புதுக் கண் கிடைத்தால் சும்மா இருக்குமா? வேவு பார்த்தது.

நான் பக்கத்தில் போனால் அவள் போனைக் கவிழ்ப்பாள்.

"இன்னாடி அது?"

"ஒண்ணுமில்ல ஆயா."

(என் அனுபவத்தில் 'ஒண்ணுமில்ல' என்று சொன்ன எல்லாரிடமும் ஏதோ இருந்திருக்கிறது.) சோற்றையும் பாதியில் வைத்தாள். யாரோ ஒரு பையன் என்று முடிவு கட்டினேன். அவனுக்கு ரமேஷ் என்று பெயரும் நானே வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரம் போனைத் திருப்பிப் பார்த்தேன். சாமி பாட்டுகளுக்கு நடுவில் ஒரு பொம்பளை. அவள் மேல் இருந்த துணியில் ஒரு விளக்குத் திரிகூடத் திரிக்க முடியாது. தள்ளினால் கீழே அதே மாதிரி இன்னும் நாலு பேர்.

நல்ல புத்தி இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! ஒரு கையில் போன், மறு கையில் ஈரத்தலையோடு யாழினி. ஷேர் ஆட்டோ பிடித்து நேரே மெடிக்கல் கடை வாசலில் போய் இறங்கினேன். கடை நிறையக் கூட்டம்.

"அமுதா! உம்பொண்ணு பாக்குற படத்த நீயே பாரு! நாளையிலேர்ந்து இவளுக்கு போனும் கெடையாது, ஸ்கூலும் கெடையாது!"

"நான் இல்ல ஆயா" என்று யாழினி ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தெரிந்த முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன.

அமுதா எதையும் பேப்பரில் சுற்றித் தராதவள். கடையிலும் அப்படித்தான், பேச்சிலும் அப்படித்தான். போனை வாங்கி என்னென்னவோ அழுத்தினாள்.

"நாம இன்னா கேட்டோமோ எல்லாம் இதுல பதிஞ்சி கீது அத்தே. வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்."

"இங்கயே படி! சத்தமா படி! ஊரே கேக்கட்டும்!"

படித்தாள்.

"'ஆன்ட்டி காட்டு.'"

"கேட்டீங்களா!" என்றேன் கூட்டத்தைப் பார்த்து.

"'ராஜா வேணாம், ஆன்ட்டி காட்டு.'"

"ராஜாவா? அப்ப ரமேஷ் இல்லையா?"

"'துணி இல்லாத ஆன்ட்டி காட்டு.'" யாரோ இருமினார்கள். அமுதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கடைசி வரியைப் படித்தாள். "'கோமணம் மட்டும் கட்டுன ஆன்ட்டிடா, கண்ணு தெரியாதவள ஏமாத்தாத, முருகா.'"

அது நான் கேட்டது. ஆடிக் கிருத்திகை! ஆபரேஷன் ஆன மறுநாள். புகையிலும் கூட்டத்திலும் போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போகாத குறைக்குப் போனிலாவது முருகனைப் பார்க்கலாமென்று மைக் படத்தை அழுத்தி வாயால் கேட்டேன். ராஜ அலங்காரம் வந்தது. எனக்கோ ஆண்டிக் கோலம்தான் பிடிக்கும். கேட்டேன், விவரமாகவே கேட்டேன். கட்டுப்போட்ட கண்ணுக்கு வந்தது எதுவும் தெரியவில்லை. கடாசிவிட்டுப் படுத்துவிட்டேன்.

"நான் ஆண்டின்னுதானேடி சொன்னேன்!"

"அது ஆன்ட்டின்னு எடுத்துகிச்சி அத்தே. ஒரு தபா கேட்டா போதும், புடிச்சிருக்குன்னு நெனச்சி தெனம் கொண்டாந்து காட்டும்."

மாத்திரை வாங்க வந்தவர் ஒருவர், "இன்னா ஆயா, சாமியவே மாட்டி வுட்டுகினு கீறியே!" என்றார். கடையே சிரித்தது. யாழினி மட்டும் சிரிக்கவில்லை.

அமுதா அவளைக் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தாள். "எத்தினி நாளா வருது?"

"ஒரு வாரமா. தள்ளத் தள்ள வருதும்மா. ஒண்ண தெரியாம தொட்டுட்டேன், ஒடனே மூடிட்டேன். சொன்னா ஆயா என்னத்தான் அடிக்கும்."

"வந்தது உன் தப்பில்ல, தொட்டதும் தப்பில்ல. உன் வயசுக்கு இது இன்னான்னு தோணும், அதுவும் தப்பில்ல. ஆனா அதுல காட்றது நெசம் இல்ல. வித்து சம்பாதிக்க எடுக்குறது. அதுல கீறவங்கள யாரு மெரட்டி நிக்க வெச்சாங்கன்னுகூட நமக்குத் தெரியாது. கூச்சமா இருந்தா போன மட்டும் எங்கைல குடு. நான் கத்த மாட்டேன், போன புடுங்க மாட்டேன்."

யாழினி அம்மாவின் இடுப்பில் முகத்தை வைத்து அழுதாள். ஒரு வாரமாக அந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது, எனக்குப் பயந்து. ஐந்து பேருக்கு வாயை மோந்து பார்த்த நான், ஒருவரையும் உட்கார வைத்து வாய் திறந்து பேச விட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் போனில் கண்டது வந்தால் யாழினி கூடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்: "அம்மா, ஆண்டி வந்துட்டாரு!" அமுதா கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். இருவரும் குசுகுசுவென்று பேசி அதை ஒழிப்பார்கள். நான் கோயிலுக்குக் கிளம்பினால் என் மகன், "எம்மா, யாரப் பாக்கப் போற? தெளிவா சொல்லிட்டுப் போ" என்பான்.

யாழினி, இங்க வாடி கண்ணு. முதியோர் வகுப்புல கத்துகினு எழுதுனது, கோணல்மாணலாத்தான் கீது. மொத்தமும் படிச்சிக் காட்டு. மெடிக்கல் கடை வர்ற எடத்துல சிரிச்சிக்கோ, பரவால்ல. கடைசி வரிய மட்டும் நிதானமா படி. இந்த வயசு வரைக்கும் யாருக்கும் எழுதாத வார்த்தை, எழுத்து சரியா கீதா பாரு.

தப்பு என்னுது.