செண்டோல் அண்ணனைக் கிள்ளிய குளிர்பெட்டி

பினாங்குத் தீவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்த முதல் மனிதர் செண்டோல் அண்ணன்தான். டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கத்து வீடு. ஆயுள் முழுக்கச் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் குளிர் இனிப்பை விற்றவர். அவருடைய சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

சர்க்கரை நோய் வந்த பிறகும், செண்டோலில் ஊற்றும் குலா மலாக்கா வெல்லப் பாகை அவர் விடவில்லை. குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டால், அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, எங்கிருந்தாலும் வந்து கையில் கிள்ளுவார். "ஐயோ!" என்ற அலறலைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே தேநீருக்கு அடுப்பு மூட்டியது.

அக்கா இறந்தார். அலறலும் நின்றது.

சில மாதங்கள் கழித்து, புல் வெட்ட வந்தவரின் இயந்திரம் அண்ணன் வீட்டுப் பின்சுவரோரம் மண்ணுக்குள் இறங்கும் பச்சை எர்த் வயரை அறுத்துவிட்டது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. ஆகவே அண்ணன் கவலைப்படவில்லை. அறுந்த முனைகளை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால், செண்டோல் பொட்டலம் கட்டும் அதே முடிச்சில் கட்டிவிட்டார்.

மறுநாள் "ஐயோ!" கேட்டது. ஓடினேன்.

"வந்துட்டா லா, தம்பி! கிள்ளுறா!"

முகமெல்லாம் சிரிப்பு. நானும் குளிர்பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமில்லை.

"செருப்பக் கழட்டு. வீட்டுக்குள்ள செருப்புப் போட்டா அவளுக்குப் பிடிக்காதுன்னு தெரியாதா?"

கழற்றினேன். சுருக்கென்றது.

"அண்ணே, இது கரண்டு. எர்த் அறுந்து கிடக்கு. மண்ணுக்குப் போக வேண்டிய கரண்டு உங்க உடம்பு வழியா போகுது. இன்னிக்குக் கிள்ளும், நாளைக்கு ஆளையே கொண்டுபோயிரும்."

"கொண்டுபோனா அவகிட்டதானே போவேன்? பொறாமைப்படாத, தம்பி."

மாதந்தோறும் மெயின் போர்டில் மின்கசிவு சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பவன், வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடப்பவன் நான். எப்படிச் சும்மா இருப்பது? குளிர்பெட்டியின் முன் போட ரப்பர் விரிப்பு வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் அதை வாசலில் போட்டுக் கால் துடைத்துக்கொண்டார். வயர்மேனை அழைத்து வந்தேன். அவருக்கு வயிறு நிறையச் செண்டோல் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் கெப்பாலா பத்தாஸிலிருந்து அண்ணன் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். தவழ்ந்து போன பேத்தி, குளிர்பெட்டியைப் பிடித்து எழப் பார்த்து வீறிட்டது. நல்லவேளை, கை விட்டுப்போய்ப் பின்னால் விழுந்தது, வேறொன்றும் ஆகவில்லை. மகள் பிள்ளையை அள்ளிக்கொண்டு அப்போதே ஊர் திரும்பினாள்.

மாலையில் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"வயர்மேனக் கூப்பிடு, தம்பி."

நான் ஃபோனை எடுத்தேன்.

"என்னைக் கிள்ளுவா. பிள்ளையக் கிள்ள மாட்டா அவ."

வயர்மேன் ராஃபியா முடிச்சைப் பார்த்து, "என்ன அண்ணே, வயரையும் பொட்டலம் கட்டிட்டீங்க?" என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைக்கப் போனவரிடம், "ஒரு நிமிஷம் லா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். வெறுங்காலோடு நின்று, குளிர்பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்தார். இந்த முறை "ஐயோ" வரவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

வயர்மேன் பழைய வயரில் ஒட்டுப் போடவில்லை. போர்டிலிருந்து மண்ணில் அடித்திருந்த கம்பி வரை புது வயர் இழுத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். "சரியாயிருச்சு அண்ணே, தொட்டுப் பாருங்க."

அண்ணன் தொட்டார். திறந்தார். பாகுப் போத்தலை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு போத்தலை என் கையில் கொடுத்தார்.

"நீ எடுத்துட்டுப் போ, தம்பி. திட்டறதுக்கு ஆளில்லாம இனிக்க மாட்டேங்குது."

அடுத்த விடுமுறையில் பேத்தி அந்தக் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். அண்ணன் போன வருடம் போய்விட்டார்.

என் வீட்டு எர்த் வயருக்கு ஒரு குறையும் இல்லை. நானே பார்த்து வைத்திருக்கிறேன். இருந்தும் குளிர்பெட்டியைத் திறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.