சூடு ஆறாத சேவை

வாடிக்கையாளர் பேச்சுக்குக் காது கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளாத நிறுவனம் உலகத்தில் இல்லை. சொன்னபடியே தன் ஊழியர்களின் காதுகளை எடுத்துக் கொடுத்த நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அது துணி துவைக்கும் இயந்திரம் விற்றது. விற்ற கையோடு மூன்றாம் மாடியில் 'குறை கேட்கும் மகா மண்டபம்' ஒன்றையும் திறந்தது. தன் இயந்திரத்தின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை!

மண்டபத்துச் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'சூடு ஆறாத சேவை' என்று எழுதியிருக்கும். அதாவது, வேலை முடிந்து போகிறவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கக் கூடாது. தன் காதிலிருந்து எடுத்து, அடுத்து வருகிறவர் காதில் அப்படியே மாட்டிவிட வேண்டும். நடுவில் காற்றுப் பட்டால் சேவை ஆறிப்போகும் என்பது மேலாளரின் கண்டுபிடிப்பு.

அங்கே ஒருவனுக்குப் 'பொறுமை' என்று பெயர் விழுந்திருந்தது. போனில் எவ்வளவு ஏசினாலும் "புரியுதுங்க" என்பான். வருகிற வெள்ளிக்கிழமை அவன் வேலை நிரந்தரமாக வேண்டும். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஹெட்செட்டையே வாங்கி மாட்டி, ஒரு அழைப்பைக் கேட்பார். திருப்தி என்றால் வேலை. இல்லையென்றால் வீடு.

அந்த வாரம் பார்த்துத்தான் அவன் வலது காதில் அரிப்பு கிளம்பியது. மறுநாள் வலி.

மனைவி எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். பக்கத்து நாற்காலி அக்கா பூண்டு வைக்கச் சொன்னாள். மேற்பார்வையாளர் பெருந்தன்மையோடு தன் மேசைச் சாவியைக் கொடுத்து, குடையச் சொன்னார்.

மருந்துக்கடை அம்மா கேட்டார்: "காதுக்குள்ள என்னென்ன போட்டீங்க?"

"எண்ணெய், பூண்டு, அப்புறம் ஒரு சாவிங்க."

"சாவியா? தொறந்துச்சா?"

பொறுமை வலது காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சீழ் வருதா? காய்ச்சல் இருக்கா? செவிப்பறையில ஓட்டைன்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப வெளிக்காதுல சின்னப் புண்ணுதான். இந்தச் சொட்டு மருந்த விடுங்க, வலிக்கு இந்த மாத்திரை. தண்ணி படக்கூடாது, எதையும் விட்டு நோண்டக்கூடாது. ரெண்டு மூணு நாள்ல சரியாகலைன்னா டாக்டர்ட்ட போயிடுங்க. முக்கியமா, அடுத்தவங்க காதுல மாட்டுனத வாங்கி மாட்டாதீங்க."

பொறுமைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காது வலித்தது.

மருந்து நல்ல மருந்து. வீட்டில் இருக்கும்போது வலி அடங்கும். வேலைக்கு வந்து சூடான ஹெட்செட்டை மாட்டினால் திரும்பக் கிளம்பும். மேலாளரிடம் போய் நின்றான்.

"சார், ஹெட்செட்டுல மாட்டிக்க எனக்குன்னு தனியா ஒரு பஞ்சு உறை மட்டும் கெடைச்சா..."

"குறையா?" மேலாளர் பூரித்துப் போனார். "குறைன்னா குறை கேட்கும் எண்ணுக்குப் போன் பண்ணுங்க. இங்க எல்லாருக்கும் ஒரே நீதி!"

பண்ணினான். பக்கத்து நாற்காலியில் மணி அடித்தது.

"வணக்கம் சார். உங்க மெஷினோட மாடல் எண் சொல்லுங்க."

"அக்கா, நான்தான். பக்கத்துலதான் இருக்கேன்."

"தெரியுதுடா, பாத்துக்கிட்டுதானே இருக்கேன். பதிவாகுது, மாடல் எண்ணச் சொல்லு."

"காதுக்கா. வலது காது."

"துவைக்கும்போது சத்தம் வருதா சார்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா தன் காதைச் சொறிந்தாள்.

குறைக்கு உடனடியாகப் பலன் கிடைத்தது. நிறுவனம் தன் செலவில் மண்டபம் முழுவதற்கும் ஒரு புட்டிச் சொட்டு மருந்து வாங்கித் தந்தது. ஒரே புட்டி, ஒரே சொட்டுக் குழாய். ஒருவர் காதிலிருந்து எடுத்து அடுத்தவர் காதில், சூடு ஆறாமல். ஊழியர்கள் வரிசையாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த விருந்தினர் ஒருவர், "எவ்வளவு கவனமாக் கேக்கறாங்க!" என்று நெகிழ்ந்து போனார்.

பொறுமை மட்டும் தன் மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, ஹெட்செட்டக் கொடுங்க."

பொறுமை கழற்றினான். மண்டபத்தின் மருந்தெல்லாம் ஊறி, பஞ்சு பளபளத்தது. இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான்.

"சூடா இருக்கு சார்."

மேலாளர் கை பாதி வழியில் நின்றது. "இருக்கட்டும்... கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறக்கூடாதே சார்," என்று அக்கா சுவரைக் காட்டினாள்.

மேலாளர் சுவரைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். எழுந்துவிட்டார். "உங்க மேல எனக்குப் பூரண நம்பிக்கை இருக்கு தம்பி. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா என்ன? வேலை நிரந்தரம்!"

திங்கட்கிழமை பொறுமை தன் சொந்தப் பஞ்சு உறையோடு வந்தான். நிரந்தர ஊழியனை யார் என்ன சொல்ல முடியும்? அந்த வாரமே காது ஆறியது. அக்காவும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

ஆனாலும் அந்த மகா மண்டபத்திலேயே ஆரோக்கியமான காது எது என்றால், இன்றைக்கும் மேலாளருடையதுதான். எத்தனை வருடமாகவோ அதை அவர் அவ்வளவு சுத்தமாகக் காத்து வருகிறார். இதுவரை ஒருவர் குறைகூட அதற்குள் போனதில்லை.