தேதி தெரியாமல் ஒரு குத்து

ஒரு ஆண்பிள்ளை சாவதற்குள் ஒரே ஒரு காரியத்தையாவது பெண்டாட்டி ஞாபகப்படுத்தாமல் செய்து முடிக்க வேண்டும் என்று போன வைகாசியில் நான் ஒரு சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தது தப்பில்லை. வாய்விட்டு எடுத்ததுதான் தப்பு.

என் பெயர் கார்த்திகேசன். கடலூர் கூத்தப்பாக்கத்தில் வீடு. ஒரு கம்பெனியில் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவன். விருப்பம் அவர்களுக்கு, ஓய்வு எனக்கு. பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். வீட்டில் நானும் என் மனைவி சந்திரலேகாவும்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவளும், அவளுக்குத் தலையாட்டுகிற நானும்.

சபதத்துக்குக் காரணம் அவள் அண்ணன் சபாபதி. மின்வாரியத்தில் ரிட்டையராகி சிதம்பரத்தில் இருக்கிறார். சிதம்பரத்தில் முத்திரை என்றால் எல்லாரும் பரதநாட்டியத்தை நினைப்பார்கள். என் மச்சான் போஸ்ட் ஆபீஸை நினைப்பார். தபால் தலை மேல் ஊர் பெயரும் தேதியும் தெரிய, கையால் வட்டமாக ஒரு சீல் குத்துவார்கள் இல்லையா, அதைச் சேர்க்கிறார். தலையைச் சேர்க்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. தலையில் விழுந்த குத்தைச் சேர்க்கிற ஆளை நான் இவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். லால்பேட்டை, மங்கலம்பேட்டை, குமராட்சி என்று ஒரு ஊரையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் உட்காரவைத்து ஆல்பத்தைப் பிரிப்பார். அதனாலேயே நான் போவதில்லை.

வருஷா வருஷம் எங்கள் கல்யாண நாளன்று கடலூரிலிருந்து அவருக்கு ஒரு போஸ்ட் கார்டு போக வேண்டும். தபால் பெட்டியில் போடக் கூடாது. கவுண்டரில் கொடுத்து, கண் முன்னால் அன்றைய தேதியில் சீல் குத்தவைத்து அனுப்ப வேண்டும். தங்கை கல்யாண நாள் ஆல்பத்தில் வருஷம் தவறாமல் இருக்க வேண்டுமாம். கொண்டுபோவது என் வேலை. என்னைக் கிளப்புவது சந்திரலேகா வேலை. ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏங்க, அண்ணனுக்குக் கார்டு."

"ஞாபகம் இருக்கு."

"சட்டைப் பையில வச்சீங்களா?"

"வச்சேன்."

"எந்தச் சட்டை?"

இந்த இடத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது.

"இந்தா பாரு சந்திரா. இந்த வருஷம் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானே போவேன். நானே குத்தவைப்பேன்."

"பாத்துங்க, குத்துப்பட்டு வந்துடப் போறீங்க."

"செஞ்சு காட்டிட்டா ஆயுசுக்கும் நீ எனக்கு எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. சம்மதமா?"

"செய்யலன்னா?"

"ஆயுசுக்கும் உன்னை எதுத்துப் பேச மாட்டேன்."

"இப்ப மட்டும் பேசறீங்களா என்ன?" என்றாள்.

கல்யாண நாள் புதன்கிழமை வந்தது. சந்திரலேகா வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக என் வாயைத் திறந்துவைத்தாள். காலையில் கேசரி, வடை. மத்தியானம் இலை போட்டு, இரண்டு பொரியல், அப்பளம், பாயசம். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கங்க" என்று அவள் சொல்லி இருபது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. போட்டுக்கொண்டேன். இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டேன். வயிறு நிறைந்த மனுஷன் உடனே வெயிலில் போகக் கூடாது என்பதால் ஐந்தே ஐந்து நிமிஷம் கண்ணை மூடினேன்.

திறந்தபோது தெருவில் லைட் எரிந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் கார்டு என்னைவிட நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சந்திரலேகா டீ கொண்டுவந்து வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காத பெண்டாட்டி முன்னால் எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் டீ குடிக்க முடியும்?

"போட்டாச்சு!" என்றேன்.

"என்னது?"

"கார்டு."

"நான் கேக்கலியே."

"நீ கேக்கலியேன்னுதான் நானே சொல்றேன்."

"அப்படிங்களா? பரவால்லயே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போஸ்ட் ஆபீஸில் நின்றேன். பெயர் அஞ்சல் நிலையம். ஆனால் அஞ்சிக்கொண்டு நின்றது நான். கவுண்டரில் ஒரு பெண். அனுப்பிரியா என்று பேட்ஜ் குத்தியிருந்தது.

"மேடம், இந்தக் கார்டுக்கு கையால ஒரு சீல் வேணும்."

"குடுங்க சார்."

"நேத்து தேதியில."

அவள் கார்டைப் பார்த்தாள். விலாசத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நேத்து தேதி நேத்தோட போச்சு சார். காலையிலேயே மாத்திட்டோம்."

"திருப்பி மாத்த முடியாதா?"

"தேதிய நான் மாத்தினா, என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க சார்."

"சரி, இன்னிக்குத் தேதியிலயே போடுங்க. ஆனா தேதி தெரியாம போடுங்க."

"புரியல சார்."

"கொஞ்சம் இழுத்தாப்ல. மை ஜாஸ்தியா. அப்படியே ஈஷிக்கிட்டு..."

"சார், சீல் சரியா விழலன்னு சண்டைக்கு வர்றவங்களதான் நான் பாத்திருக்கேன். சரியா விழக் கூடாதுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

எனக்குப் பின்னால் பாஸ்புக்கோடு நின்ற சவரியம்மாள் என்கிற ஆயா, கையிலிருந்த குடையால் என் முதுகில் தட்டியது.

"என்னய்யா, ஒரு குத்து குத்த இவ்ளோ நேரமா? நீ நவுரு, நான் குத்தறேன்."

எங்கே குத்துவதாகச் சொல்கிறது என்று தெரியாததால் நான் கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.

அனுப்பிரியா ஒரு பழைய துணியை எடுத்தாள். சீலை நன்றாகத் துடைத்தாள். புது இங்க் பேடைத் திறந்தாள். ஒரு வீணான தாளில் இரண்டு தடவை குத்திப் பார்த்தாள். டாக்டர் ஊசி போடுவதற்கு முன்னால் செய்கிற மாதிரி ஒவ்வொன்றும் நிதானமாக நடந்தது.

"மேடம், இவ்ளோ சிரமம் வேண்டாமே..."

"இதுல என்ன சார் சிரமம்? சிதம்பரம் சபாபதி சாருக்குத் தெளிவா விழுந்தாதான புடிக்கும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ சொன்னாங்க சார்."

மச்சான் புகழ் கடலூர் வரைக்கும் பரவிவிட்டதே என்று நான் மலைத்துக்கொண்டிருந்தபோது, டொக் என்று ஒரே குத்து. அப்படி ஒரு முத்திரை கடலூரில் அதற்கு முன்பும் விழுந்திருக்காது, இனியும் விழாது. பௌர்ணமி நிலா மாதிரி வட்டம். நடுவில் வியாழக்கிழமைத் தேதி, கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது.

மை காய்வதற்குள் தேய்த்துவிடலாம் என்று கட்டை விரலை நீட்டினேன். அவள் கார்டைப் படக்கென்று இழுத்துப் பின்னால் பையில் போட்டுவிட்டாள். என் விரல் போய் இங்க் பேடில் விழுந்தது.

"கவலைப்படாதீங்க சார். நாளைக்கே கிடைச்சிடும்," என்றாள். அதுதானே என் கவலை!

வீட்டுக்கு வந்ததும் சந்திரலேகா பார்த்தது முகத்தை இல்லை, விரலை.

"என்னங்க கட்டை விரல்ல மை? எங்க போயி கைநாட்டு வச்சீங்க?"

"பேனா லீக்."

"எழுதினீங்களா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, "அண்ணன் போன் பண்ணிச்சு. கார்டு வந்ததும் லென்ஸ் வச்சுப் பாத்து, தேதிய எனக்கு சத்தமா படிச்சுக் காட்டுதாம். அதுக்கு அவ்ளோ ஆசை, பாவம்" என்றாள்.

ஒரே வழிதான். நாளைக்கு மச்சான் கைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கார்டு என் கைக்கு வர வேண்டும்.

"சந்திரா, நாளைக்கு சிதம்பரம் போயி நடராஜரைப் பாத்துட்டு வரலாம்னு தோணுது."

ஏன், எதுக்கு, யாரோட, எப்ப திரும்புவீங்க என்று குறைந்தது நாலு கேள்வி வரும் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தாராளமா போயிட்டு வாங்க. பண்ருட்டியிலேருந்து பலாப்பழம் வந்திருக்கு. அப்படியே அண்ணன் வீட்டுல குடுத்துடுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய பையை என் கையில் மாட்டினாள். பலாப்பழம் மேலே முள்ளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில் கூட்டம். ஆலப்பாக்கம் வரை பழம் என் மடியில் இருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் நான் பழத்தின் மடியில் இருந்தேன்.

"இது யாருது?" என்றார் கண்டக்டர்.

"எங்க மச்சானுது."

"அவரு எங்க?"

"சிதம்பரத்துல."

"அவர் வந்து தூக்கட்டும்னு கீழ விட்டுட்டு, நீங்க எந்திரிச்சு நில்லுங்க. இந்த எடத்துல ரெண்டு பேரு உக்காரலாம்."

சிதம்பரத்தில் ரகசியம் ஒன்று உண்டு என்பார்கள். அன்றைக்கு இரண்டு. இரண்டாவது ரகசியம், மேல வீதிக்குப் பின்னால் மச்சான் வீட்டுத் தெருமுனையில், டீக்கடை பெஞ்சில் பலாப்பழத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் சைக்கிளில் வந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"சார், சபாபதி சாருக்குக் கார்டு ஏதாவது இருக்கா? நான் அவரு மாப்பிள்ளை. குடுங்க, நான் குடுத்துடறேன்."

இளவரசு என்கிற அந்தத் தபால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார்.

"இருக்கு சார். ஆனா அவரு கையிலதான் குடுக்கணும். ஓரம் மடிஞ்சாகூட அந்த மனுஷனுக்குச் சோறு எறங்காது."

"மடிக்காம குடுக்கறேன் சார்."

"உங்க வெரல்ல மை இருக்கே."

இன்னமும் போகாத அந்த மையை நான் வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மாப்ள! இங்க நின்னு என்ன பண்றீங்க? வாங்க வாங்க. உங்களுக்கு ஊத்தின காப்பி ஆறிப்போவுது!"

மச்சான் என் தோளில் ஒரு கையைப் போட்டார். மறு கையால் தபால்காரரிடம் கார்டை வாங்கிக்கொண்டார். பலாப்பழத்தை நான்தான் தூக்கினேன்.

கூடத்தில் ஆல்பம் ஏற்கெனவே விரிந்து கிடந்தது. இந்த வருஷத்துப் பக்கத்தில் ஒரு போஸ்ட் கார்டு ஒட்டியிருந்தது. கடலூர் முத்திரை. புதன்கிழமைத் தேதி. சந்திரலேகாவின் முத்து முத்தான கையெழுத்து.

"இது... இது எப்ப வந்தது மச்சான்?"

"நேத்தே வந்துடுச்சே. நீங்க கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கச்சே சந்திரா ஒரு எட்டு போயி குத்தவச்சிட்டு வந்துடுச்சாம்." புதிதாக வந்த என் கார்டை லென்ஸில் பார்த்தார். "ஆஹா, இதுவும் தெளிவாதான் விழுந்திருக்கு. வியாழக்கிழமை."

"அது வந்து மச்சான்... போஸ்ட் ஆபீஸ்ல கூட்டம்..."

"சந்திரா எல்லாம் சொல்லிடுச்சு மாப்ள. 'அவரு கார்டு ஒரு நாள் லேட்டா வரும். ஆனா கார்டுக்கு முன்னாடி அவரே வந்துடுவாரு. டீக்கடையில போயி பாரு'ன்னு."

உள்ளேயிருந்து மச்சான் பெண்டாட்டி ராமாமிர்தம் அக்கா குரல் கொடுத்தது. "தம்பி, பையிலேருந்து பழத்த எடுத்துட்டேன். அடியில இருக்கற உங்க லுங்கி, பனியன், ஷேவிங் செட்டெல்லாம் எங்க வைக்கட்டும்? பிரஷர் மாத்திரைகூட இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சந்திரா எழுதி வச்சிருக்கு."

நான் போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரனும், ஒரு கூட்டம் பெண்கள் பாட்டுக்குப் பாட்டு பாடுகிற சத்தமும் கேட்டன.

"சந்திரா! எங்க இருக்க?"

"சேலம் தாண்டிட்டோம்ங்க. வாக்கிங் பிரெண்ட்ஸ் எல்லாம் ஏற்காடு போறோம்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா, 'எனக்கு யாரு சமைப்பா'ன்னு கேப்பீங்க. அதான் சமைக்க ஆளு இருக்கற எடத்துக்கு உங்கள அனுப்பிவச்சிட்டேன். இருங்க, அனுப்பிரியா பேசணும்குது."

"எந்த அனுப்பிரியா?"

"வணக்கம் சார்!" என்றது கவுண்டர் குரல். "கார்டு தெளிவா வந்து சேந்துச்சா? ரெண்டு நாள் லீவ் போட்டுட்டு வந்தேன் சார். உங்கள மாதிரி கஸ்டமர பத்தி பஸ்ஸுல எல்லாருக்கும் சொன்னேன். ரொம்ப ரசிச்சாங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. போன் மறுபடியும் சந்திரலேகா கைக்கு வந்தது.

"வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை வந்துடுவேன். நீங்க ஒண்ணும் அவசரப்பட வேணாம்ங்க."

எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்று நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று திரும்பினேன். மச்சான் பரணிலிருந்து ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, தூசு தட்டி, என் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கு என் தோள் வரைக்கும் வந்திருந்தது.

"மாப்ள, நிதானமா உக்காருங்க. திங்கக்கிழமைக்குள்ள இதெல்லாம் முடியாது. அதான் சந்திராகிட்ட பேசி, உங்கள வியாழக்கிழமை வரைக்கும் கேட்டு வாங்கியிருக்கேன்."